இலையின் அடிப்பக்கம்

அவர் இலையைப் பறிக்கவில்லை. ஆட்காட்டி விரலின் முதுகால் மெல்ல நிமிர்த்தி, அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டார். அடுத்த இலை. அதற்கடுத்தது. பந்தலுக்குக் கீழே தலையைச் சற்றுக் குனிந்து நடந்தபடியே இதைச் செய்தார். என்னோடு பேசும்போதும் விரல் நிற்கவில்லை.

கோம்பைக்கு மேற்கே, மலையடிவாரத்தை நோக்கிப் போகும் மண்பாதையில் இருந்த திராட்சைத் தோட்டம் அது. காலை எட்டு மணி இருக்கும். பக்கத்துப் பந்தலில் மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த வாடை தொண்டையில் இறங்கியது. தோட்டம் முழுக்க இலைகள் நீலம் பூத்துக் கிடந்தன. கிழக்கு ஓரத்தில் ஒரு வரிசை மட்டும் பச்சையாக இருந்தது. ஏழு கொடிகள். பக்கத்து மருந்து காற்றில் வந்து விழாமலிருக்க, உரச்சாக்குகளைத் தைத்துத் திரை கட்டியிருந்தார். அந்த ஏழு கொடிகளின் மேல் மூன்று வருடமாக ஒரு சொட்டு மருந்து விழுந்ததில்லை.

“என்ன தேடுறீங்க?” என்று கேட்டேன்.

“வெள்ளை” என்றார். “மேல பாத்து எதையும் சொல்ல முடியாது மேடம். மஞ்சப் பொட்டு ஆயிரம் காரணத்துக்கு வரும். அடியில பஞ்சு மாதிரி வெள்ளை பூத்திருந்தாத்தான் அது அடிச்சாம்பல் நோய். அப்பறம் ஒரு வாரம். பந்தல் காலி.”

“இன்னைக்கு இருக்கா?”

“தேடிக்கிட்டே இருக்கேன்” என்று சிரித்தார். “இல்லாததைத் தேடுறதுதான் என் உத்தியோகம்.”

அவர் டாக்டர் சூசைநாதன். அனுமந்தன்பட்டிக்காரர். ஓர் அரசுப் பண்ணையில் பயிர்நோய் விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

சின்னமனூரிலிருந்து ஒரு வாசகர் மூன்று வாரங்களுக்கு முன் இந்த வலைப்பக்கத்தில் கேட்டிருந்தார்: எழுத்தாளர்களையும் விஞ்ஞானிகளையும் இத்தனை பேரைப் பேட்டி எடுத்தீர்களே, அதில் ஆகச் சிறந்தது என்று எதைச் சொல்வீர்கள்? இதைத்தான் சொல்வேன். அதனால்தான் மூன்று வாரமாக இதை எழுதாமல் வேறு எதையெதையோ எழுதிக்கொண்டிருந்தேன்.

முதல் கேள்வி

தேனியில் இருந்த ஒரு நாளிதழ் அலுவலகத்தில், ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கம் அப்போது என் பொறுப்பு. வாரம் ஒரு மனிதர், ஒரு முழுப்பக்கம். பெரியவர்களைத் தேடி மதுரைக்கோ சென்னைக்கோ போக அலுவலகம் அனுப்பாது. ஆகவே பள்ளத்தாக்குக்குள்ளேயே தேடினேன். தேடினால் கிடைத்தார்கள். கிணறுகளின் நீர்மட்டத்தை முப்பது வருடம் அளந்து எழுதிய ஒரு நிலவியலாளர் கிடைத்தார். பெரியகுளத்தில் பல்லிகளை மட்டும் ஆராய்ந்த ஒரு கல்லூரிப் பேராசிரியர் கிடைத்தார். கதை எழுதுகிறவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம் இருந்தார்கள்.

எல்லோரிடமும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன். “காலையில வேலைன்னு ஆரம்பிக்கிறப்ப, கை முதல்ல எதைத் தொடுது?” கருத்து என்ன, கொள்கை என்ன என்று ஆரம்பித்தால் மேடையில் பேசுவதைப் போலப் பேசிவிடுவார்கள். கையைப் பற்றிக் கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கும். நிலவியலாளர், “சைக்கிள் பூட்டு” என்றார். பல்லிப் பேராசிரியர், “முதல்ல சட்டைப் பையத்தான். ராத்திரி அதுல ஏதாவது ஏறியிருக்கும்” என்றார்.

சூசைநாதன் இந்தக் கேள்விக்கு விரலின் முதுகைக் காட்டினார். அந்த இடத்தில் தோல் கறுத்துத் தடித்திருந்தது.

ஒரே கொடி

அன்று அவர் சொன்னதில் ஒன்று எனக்கு இன்னும் மறக்கவில்லை. தோட்டத்துக் கல்தூணில் சாய்ந்துகொண்டு, கூடலூர் வரைக்கும் கையை வீசிக் காட்டினார்.

“இந்தப் பள்ளத்தாக்குல எத்தனை பன்னீர் திராட்சைக் கொடி இருக்குன்னு நெனைக்கிறீக?”

“லட்சக்கணக்குல இருக்கும்.”

“ஒண்ணு” என்றார். “ஒரே ஒண்ணு. யாரும் விதை போடல. ஒரு கொடியில குச்சி வெட்டி நட்டா அது அதே கொடிதான். அதுல வெட்டி நட்டா அதுவும் அதே கொடிதான். கம்பத்துல இருக்கிறதும் இங்கன இருக்கிறதும் ஒரே உடம்பு. அதுக்கு ஒரு காய்ச்சல் வந்தா எல்லாத்துக்கும் ஒண்ணா வரும். மருந்தை ஊத்தி ஊத்தி அந்த ஒத்த உடம்பை எழுப்பி உக்கார வச்சிருக்கோம்.”

அதனால் அவர் விதை போட்டார். திராட்சை விதையில் ஒவ்வொன்றும் ஒரு தனிக் கொடி. ஒரே பழத்தின் இரண்டு விதைகள்கூட ஒன்று போல் வராது. பெரும்பாலும் உதவாக்கரைகள். சில காய்க்காது, சில காய்த்தால் புளிக்கும், மீதியை நோய் தின்றுவிடும். பணியில் இருந்த காலம் முழுவதும் பண்ணையின் மூலையில் இதைச் செய்தார். ஓய்வு பெற்றதும் அந்த மூலையை வேறு எதற்கோ எடுத்துக்கொண்டார்கள். எஞ்சியிருந்த ஏழு கொடிகளின் குச்சிகளை இரண்டு இடங்களில் நட்டார். ஒன்று அவர் வீட்டுக் கொல்லை. இன்னொன்று செல்லாண்டியின் தோட்டம்.

செல்லாண்டிதான் அந்தத் தோட்டத்துக்காரர். கோம்பையில் மூன்று தலைமுறையாகத் திராட்சை வைக்கும் குடும்பம். அன்று எங்களுக்கு டீ கொண்டுவந்தவர், “ஏத்தா, சாரு சொல்றதை மட்டும் எழுதாத. இவரு இலைகிட்டப் பேசுற அளவுக்கு வீட்டம்மாகிட்டப் பேசுறதில்லன்னு அதையும் சேத்து எழுது” என்றார்.

“இலை குறுக்க பேசாதுய்யா” என்றார் சூசைநாதன்.

கொல்லையில் வைத்தவை அந்தக் கோடையில் கருகிவிட்டிருந்தன. ஆழ்குழாயில் தண்ணீர் போய்விட்டது. மிச்சம் இந்த ஏழுதான். தை மாதம் குச்சி பழுத்து முற்றியதும் வெட்டி நான்கு இடங்களில் வைக்கப் போவதாகச் சொன்னார்.

“அப்ப கண்டுபிடிச்சாச்சு?” என்றேன்.

“அவசரப்படாதீக. மூணு வருசத்துல ஒரு மழைதான் மழையா பேஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு மழைக்காலம் பாக்கணும். அதுவரைக்கும் ஏழு கொடி சுத்தமா இருக்குன்னு மட்டும் எழுதுங்க. அது உண்மை.”

அப்படியே எழுதினேன். அது உண்மை.

படித்துக் காட்டுதல்

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. பேட்டியை அச்சுக்கு அனுப்பும் முன் உரியவரிடம் தொலைபேசியில் முழுக்கப் படித்துக் காட்டுவேன். சக நிருபர்கள் கேலி செய்வார்கள். “பரீட்சைப் பேப்பரை வாத்தியார்கிட்டக் காட்டிட்டுத்தான் குடுப்பாக நம்ம அக்கா” என்பான் ஒருவன். எனக்கு அதில் பெருமைதான். பதினோரு ஆண்டுகளில் என் பக்கத்துக்கு ஒரு திருத்தம் வந்ததில்லை.

சூசைநாதனுக்கும் படித்தேன். ஒரே கொடி பற்றிய பகுதியில் “ஆமா, ஆமா” என்றார். இரண்டு மழைக்காலம் பற்றிய வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு இடம் வந்தது. கோம்பையிலிருந்து மலையடிவாரம் போகும் மண்பாதையில், இரண்டாவது வாய்க்கால் பாலம் தாண்டி, இடப்பக்கம் செல்லாண்டியின் தோட்டம், கிழக்கு ஓர வரிசை.

அவர் பேசவில்லை. மூன்று வினாடி, நான்கு வினாடி இருக்கலாம். அந்த முனையில் ஒரு மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

பேட்டி எடுக்கிறவளுக்கு மௌனம் என்றால் என்னவென்று தெரியும். அது எங்கள் தொழில். ஒருவர் நிறுத்தினால் அங்கே கேள்வி கேட்க வேண்டும். “இது வேண்டாமா சார்?” என்று மூன்று சொல் கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. ‘எங்கே’ என்பது இல்லாத செய்தியை எங்கள் செய்தி ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜம் வேறு. அந்த வரி நன்றாக வந்திருந்தது. வாய்க்கால் பாலமும் கிழக்கு ஓரமும் இருந்ததால்தான் அந்தப் பக்கமே கண்ணால் பார்த்தது போல இருந்தது.

“சரியா இருக்கு மேடம்” என்றார் அவர்.

டீச்சரின் நாவல்

இங்கே இன்னொருவரைச் சொல்ல வேண்டும். நடந்தது முன்னால், எனக்குப் புரிந்தது பின்னால்.

உத்தமபாளையத்தில் ராஜேஸ்வரி என்று ஓர் ஆசிரியை. பத்துப் பதினைந்து சிறுகதைகள் எழுதியிருந்தார், எல்லாம் கச்சிதமானவை. விடிவதற்கு முன் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, மலையேறி, ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களைப் பற்றி ஒரு நாவல் மனதில் இருப்பதாகச் சொன்னார். கை முதலில் எதைத் தொடும் என்ற கேள்விக்கு, “பென்சில் சீவுற பிளேடு. சீவிச் சீவியே பாதிப் பென்சில் போயிரும்” என்றார்.

நான் நன்றாகக் கேட்கத் தெரிந்தவள். ஜீப்பில் யார் யார், யார் ஜன்னல் பக்கம், எந்த வளைவில் பேச்சு நிற்கும், கடைசியில் யார் திரும்பி வரமாட்டாள். இரண்டு மணி நேரத்தில் முழு நாவலையும் சொல்லிவிட்டார். முடிவைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. எனக்கும் பேனா நின்றது. பக்கம் வெளிவந்த ஞாயிற்றுக்கிழமை பலர் கூப்பிட்டு அழுததாகச் சொன்னார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் அவரைப் பார்த்தேன். நாவல் என்னாயிற்று என்று கேட்டேன்.

“அதுதான் வந்துருச்சுல்ல” என்றார்.

“எங்க?”

“உங்க பக்கத்துல.” கோபமில்லாமல்தான் சொன்னார். பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் எனக்கும் இடம் பிடித்து வைத்திருந்தார். “உக்காந்து பாத்தேங்க. ஒவ்வொரு வரியும் ஏற்கெனவே எங்கயோ படிச்ச மாதிரி இருக்கு. நீங்க போட்டதும் நல்லாத்தான இருந்துச்சு. இன்னொரு தடவை எதுக்கு?”

அப்போது அதை நான் ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

குச்சி கேட்டு வந்தவர்கள்

‘மருந்து கேட்காத ஏழு கொடிகள்’ என்ற தலைப்பில் பக்கம் வெளிவந்தபோது ஐப்பசி பிறந்திருந்தது. நான் எடுத்த படத்தையே அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். ஏழு கொடிகளும், சாக்குத் திரையும், பின்னால் மலையும். காலையிலேயே யாரோ தலைப்பையும் படத்தையும் வழி சொல்லும் பத்தியையும் மட்டும் வெட்டித் திராட்சைக்காரர்களின் கைப்பேசி குரூப்களில் போட்டுவிட்டார்கள். இரண்டு மழைக்காலம் பற்றிய பத்தி அதில் இல்லை. இருந்திருந்தாலும் நடந்திருக்கும்.

திங்கள்கிழமை பத்து மணிக்குச் செல்லாண்டி கூப்பிட்டார். “ஏத்தா, எங்கன இருக்க? ஊரே இங்கன நிக்குது.”

நான் போய்ச் சேர்ந்தபோது பாலத்தருகே பத்துப் பதினைந்து இருசக்கர வாகனங்கள் நின்றன. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வந்து குச்சி கேட்டால் இல்லை என்று சொல்வதில்லை. உறவு, சாதி, பகை எதுவும் பார்ப்பதில்லை. வாங்கிப் போகிறவர் முதல் காய்ப்பில் ஒரு தட்டுப் பழம் கொண்டுவந்து கொடுப்பார், அவ்வளவுதான். பள்ளத்தாக்கு முழுக்க ஒரே கொடி பரவியது இப்படித்தான்.

“நீங்க மறுத்திருக்கலாமே” என்றேன் செல்லாண்டியிடம்.

“எப்பிடித்தா மறுக்கிறது? எங்க அப்பன் ஓடைப்பட்டியில கேட்டு வாங்கியாந்த குச்சிதான் இந்தத் தோட்டம் முச்சூடும். இன்னைக்கு வந்தவன்ல ஒருத்தன் அந்த வீட்டுப் பேரன். அவன்கிட்டப் போயி இல்லங்கிறதா?”

“சூசை சார்கிட்டக் கேட்டீங்களா?”

“போனு எடுக்கல. மதுரையில ஆசுபத்திரியில இருக்காக. வீட்டம்மாவுக்குக் கண்ணு ஆப்ரேசன்.”

பந்தலுக்குக் கீழே பண்ணைப்புரத்து வேல்ச்சாமி என்பவர் குச்சிகளை வாழைநாரால் கட்டிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் பச்சைக் குச்சி. பழைய கொப்புகளைக் கவாத்து வெட்டி ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. பச்சைக் குச்சி வேர் பிடிக்காது. எனக்கே அது தெரியும்.

“இது முளைக்காதே அண்ணே.”

“தெரியும்த்தா. நாப்பது வருசமா இதைத்தான் செய்யிறேன், எனக்குத் தெரியாதா? அதான் அடியில மூத்த கட்டையையும் சேத்து நறுக்கியிருக்கேன்.”

“அப்ப தை வரைக்கும் பொறுக்கலாமே.”

“நான் பொறுப்பேன். இந்தா நிக்கிறானே, இவன் பொறுப்பானா?” பக்கத்தில் நின்றவர், “ஏய், என்னைய எதுக்கு இழுக்குற? எனக்கு முன்னாடி வந்தது நீயி” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். யாரும் திருட வந்தவர்கள் போல இல்லை. ஒரு விசேஷ வீட்டுக்கு வந்தவர்கள் போல இருந்தார்கள். என்னை அடையாளம் கண்டுகொண்ட ஒருவர், “நல்லா எழுதியிருக்கீக தாயி. நேரா வந்துட்டம், யாருகிட்டயும் வழி கேக்கல” என்றார்.

செவ்வாய்க்கிழமை மாலை சூசைநாதன் வந்தார். அதற்குள் ஐந்து கொடிகளில் அடிக்கட்டை மட்டும் இருந்தது. வெட்டிய முகங்களில் மழைத் தண்ணீர் நின்றது. எத்தனையோ அரிவாள்கள் பட்ட காயங்கள். மீதி இரண்டை யாரோ வேரோடு தோண்டி எடுத்திருந்தார்கள். சாக்குத் திரையை மடித்து ஒழுங்காகத் தூணில் கட்டிவைத்திருந்தார்கள்.

அவர் கீழே மிதிபட்டுக் கிடந்த ஓர் இலையை எடுத்தார். சட்டையில் துடைத்தார். திருப்பிப் பார்த்தார்.

“சுத்தமா இருக்கு” என்றார்.

நாற்பத்து நான்கு பைகள்

அடிக்கட்டைகள் துளிர்க்கவில்லை. காயத்தின் வழியே அழுகல் இறங்கி, மார்கழிக்குள் ஐந்தும் கறுத்துவிட்டன.

அதன்பிறகு குச்சி கொண்டுபோனவர்களைத் தேடினோம். செல்லாண்டி நினைவிலிருந்து ஆள் பெயர்களைச் சொன்னார், நான் வண்டி ஓட்டினேன், சூசைநாதன் பின்னால் உட்கார்ந்து வந்தார். வேரோடு தோண்டியவர் யாரென்று தெரியவே இல்லை. மற்ற இடங்களில் காய்ந்த குச்சிகளைக் காட்டினார்கள். எல்லோரும் மோர் கொடுத்தார்கள். “முளைக்கல சார், ஒங்க குச்சி ராசியில்ல” என்று ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

வேல்ச்சாமியின் தோட்டத்தில் மட்டும் துளிர்த்திருந்தது. மூத்த கட்டையோடு நறுக்கியதில் நான்கு குச்சிகள் வேர் பிடித்ததாகச் சொன்னார். சூசைநாதன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க இருக்கு?”

“இந்தா, இந்த வரிசையில.”

அந்த வரிசையில் நாற்பத்து நான்கு கன்றுகள் இருந்தன. மற்ற நாற்பதும் பன்னீர்.

“எந்த நாலு?”

வேல்ச்சாமி தலையைச் சொறிந்தார். “இதுக்குள்ளதான் சார் இருக்கு. சத்தியமா இருக்கு.”

“அடையாளம் ஏதும் வைக்கலையா?”

“குச்சிக்கு என்ன சார் அடையாளம்? பூராம் ஒரே மூஞ்சிதான. காய்ச்சாத் தெரிஞ்சிட்டுப் போகுது.”

காய்த்தாலும் தெரியாது என்பதை சூசைநாதன் எனக்கு அன்று வண்டியில் விளக்கினார். அந்த ஏழில் சில பன்னீரைப் போலவே காய்ப்பவை. அதற்காகத்தான் அவற்றை வைத்திருந்தார். வித்தியாசம் நோய் வந்தால்தான் தெரியும். மருந்தடித்தால் நோய் வராது. மருந்தடிக்காமல் இரண்டு கவாத்துக் காலம் விட முடியுமா என்று வேல்ச்சாமியிடம் கேட்டுப் பார்த்தார்.

“சார், பக்கத்துப் பந்தல்காரன் என்னையத் தூணுல கட்டி வச்சு மருந்தடிச்சிருவான்” என்றார் அவர். பிறகு, கேட்டதற்கு இல்லை என்று சொல்லிவிட்ட சங்கடத்தில், “கன்னு தேறட்டும். நாப்பத்தி நாலுலயும் குச்சி வெட்டித் தாறேன். ஒங்க வீட்டுல வச்சுப் பாருங்க” என்றார். சொன்னபடி மறு வருடம் வெட்டியும் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் அவரே பனையோலையில் எண் எழுதிக் கட்டியிருந்தார்.

அனுமந்தன்பட்டி வீட்டுக் கொல்லையில் நாற்பத்து நான்கு பிளாஸ்டிக் பைகள். இந்தத் தடவை தண்ணீருக்குப் பக்கத்து வீட்டிலிருந்து குழாய் போட்டிருந்தார். நோய் வரவேண்டும் என்று காத்திருந்தார். அந்த வருடம் மழை இல்லை. இலைகள் அத்தனையும் சுத்தமாக இருந்தன. அவர் மனைவி ஜெசிந்தா என்னிடம், “ஊருல எல்லாரும் பயிருக்கு நோவு வரக்கூடாதுன்னு மாதாகிட்டப் போறாக. இந்த மனுசன் வரணும்னு போறாரு” என்றார். சிரிக்கத்தான் சொன்னார். மூவரும் சிரிக்கவில்லை.

அடுத்த வருடம் மழை பெய்தது. நல்ல மழை, விடாத மழை. ஒரு காலையில் அவர் கூப்பிட்டார்.

“வந்துருச்சு” என்றார்.

போனேன். அவர் கொல்லையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் பையிலிருந்து பார்த்துக்கொண்டு போனேன். அவரிடம் கற்றபடி விரலின் முதுகால் இலையை நிமிர்த்தினேன். வெள்ளை. அடுத்தது. வெள்ளை. பத்தாவது, இருபதாவது, முப்பத்து மூன்றாவது. நாற்பத்து நான்காவது பைக்கு வந்தபோது நான் குனியவில்லை.

“அதுலயும் இருக்கு” என்றார். “பாத்துட்டேன்.”

“அப்ப உங்க கொடி இதுல இல்ல. வேல்ச்சாமி வச்ச நாலும் பட்டுப்போயிருக்கும். அவர் தப்பா நெனச்சுட்டார்.”

“இருக்கலாம்.” விரலில் ஒட்டியிருந்த வெள்ளையை வேட்டியில் துடைத்தார். “இல்லைன்னா அந்த நாலும் இதுக்குள்ளதான் இருக்கு. என் கொடியும் அம்புட்டுத்தான். மூணு வருசம் மழை சரியா இல்லாததுனால தப்பிச்சிருக்கு. நான் இல்லாததைத் தேடி இல்லைன்னு எழுதிவச்சிருக்கேன்.”

“எதுன்னு நினைக்கிறீங்க?”

“நெனைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல மேடம். பாக்கணும். பாக்குறதுக்குக் கொடி இல்ல.”

முப்பது வருடம் அவர் செய்தது சரியா, இல்லையா. அவருக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். தோற்றுப்போனோம் என்று தெரிந்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். விதை போடுகிறவர்கள் தோற்றுப் பழகியவர்கள்.

திருத்தம்

நான் பத்திரிகையிலிருந்து விலகிய பிறகு, சென்ற ஆண்டு ஒரு நாள் அவராகவே கூப்பிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. கத்தரித்து உறையில் போட்டு எடுத்துப் போனேன். அலுவலகத்தில் கணினி மாற்றியபோது மூலப்படங்கள் போய்விட்டன. இருப்பது அச்சான தாள் ஒன்றுதான்.

பைகள் இருந்த இடத்தில் சிமெண்ட் போட்டு, கொடியில் துணி காயப்போட்டிருந்தார்கள். அவர் மெலிந்திருந்தார். நான் நாலு வருடமாகத் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். தெரிந்தவர்கள் இன்னும் பத்திரிகையில் இருக்கிறார்கள். நடந்ததை எழுதி ஒரு திருத்தம் போடச் சொல்கிறேன் என்றேன்.

“என்னன்னு போடுவீக?” என்று கேட்டார். “எது தப்பு அதுல? பாலம் சரி. இடப்பக்கம் சரி. ஏழு கொடி சரி. நான் சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம போட்டிருக்கீக.”

உறையிலிருந்து தாளை எடுத்தேன்.

“போனுல படிச்சப்ப அந்த இடத்துல நிறுத்துனீங்க. நான் கவனிச்சேன். கேட்கல” என்றேன்.

“நீங்க கேட்டிருந்தாலும் வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டேன்” என்றார். “முப்பது வருசத்துல ஒருத்தரும் வந்து எங்கன இருக்கு, காட்டுங்கன்னு கேட்டதில்ல மேடம். நீங்கதான் கேட்டீக. எனக்கு அம்புட்டு சந்தோசம்.”

என்னை ஆறுதல்படுத்த அவர் அதைச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்பதைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு எனக்கு மனிதர்களைப் பேசவைத்த அனுபவம் உண்டு. உண்மையாகத்தான் சொன்னார்.

பக்கத்தை வாங்கி மேசையில் விரித்தார். எழுத்தைப் பார்க்கவில்லை. கைலென்சை எடுத்துப் படத்தின் மேல் வைத்து, முதல் கொடியிலிருந்து நகர்த்திக்கொண்டு போனார். மூன்றாவதில் நிறுத்தினார்.

“இது நல்ல கொடி” என்றார். “இதுதான் எனக்கு நிச்சயமா இருந்துச்சு. இலை எப்பிடி விரிஞ்சு நிக்குது பாருங்க. அப்ப எல்லா இலையும் பாத்தேனா, இல்ல கைக்கு எட்டுனதை மட்டும் பாத்தேனா? அந்த மேல் கொப்பு, அது எட்டாது.”

லென்சை வைத்துவிட்டு, ஆட்காட்டி விரலின் முதுகைப் படத்தில் இருந்த இலையின் விளிம்பில் வைத்தார். அது தானாகச் செய்கிற வேலை என்று எனக்குத் தெரியும். தாள் கொஞ்சம் சுருங்கியது.

பிறகு அவர் அந்தத் தாளை எடுத்து மெல்லத் திருப்பினார். பின்பக்கத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம், என் கத்தரிக்கோலில் பாதி அறுபட்டு இருந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.